ஒரே ஹிட்டுக்குள் அடங்காத சில்வஸ்டர்

கேள்வி இது: சில்வஸ்டர் என்ற அமெரிக்க டிஸ்கோ பாடகர் பெண் உடையில் மேடையேறி, ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர் என்கிறார்களே, அது சரியா? அந்த உடையும் ஒப்பனையும் இல்லாவிட்டால் அவரை யாராவது கவனித்திருப்பார்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கவனித்திருப்பார்கள். இன்னும் சீக்கிரமாகவே கவனித்திருப்பார்கள். சில்வஸ்டரின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், உடை அவருக்கு வாங்கிக் கொடுத்த வாய்ப்புகளைவிடத் தட்டிப் பறித்த வாய்ப்புகளே அதிகம் என்று தெரியும். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் திரும்பத் திரும்ப எதிர்பார்த்தது, குரல் இருக்கட்டும், மற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வா என்பதைத்தான். அவர் கழற்றவில்லை. ஒரே ஹிட் என்பதும் சரியில்லை. அமெரிக்க நடனப் பாட்டுப் பட்டியலில் அவர் பெயர் 1978-லிருந்து 1986 வரை வந்துகொண்டே இருந்தது.

உடைக்கு வருவதற்கு முன் குரல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சில்வஸ்டர் ஜேம்ஸ் பிறந்தது 1947 செப்டம்பர் 6-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில். கறுப்பின மக்கள் வாழ்ந்த, வசதி குறைந்த பகுதி அது. அம்மா லெத்தா தீவிரமான பெந்தெகொஸ்தே விசுவாசி. அப்பா சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பையன் வளர்ந்தது பாம் லேன் என்ற தேவாலயத்தில், 'சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்' என்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையின் கிளை.

அமைதியாக உட்கார்ந்து கீர்த்தனை பாடும் சபை இல்லை இது. டிரம்ஸ், ஆர்கன், தம்பூரின் எல்லாம் சேர்ந்து முழங்கும். பாடகர் ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார், சபை கைதட்டிப் பதில் கொடுக்கும், அதே வரி சுருதியில் ஏறி ஏறி வரும், யாராவது ஒருவர் எழுந்து ஆடத் தொடங்குவார், பாட்டு இனி நிறுத்த முடியாது என்ற கட்டத்துக்குப் போய்விடும். காஸ்பெல் என்கிற பாட்டு முறையின் அடிப்படை வித்தை இதுதான். சில்வஸ்டர் சின்னப் பையனாக இருக்கும்போதே சபைகளில் தனியாகப் பாடி இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் டிஸ்கோ அரங்கில் விடிய விடிய ஆட்களை ஆடவைத்தபோதும் அவர் செய்தது பெரும்பாலும் இதைத்தான். டிஸ்கோ பாட்டு என்றால் ஒரே தாளம் இயந்திரம்போல ஓடும், பாடகர் மேலே ஒட்டவைத்த அலங்காரம் என்று நினைப்பவர்கள் அவருடைய பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஆனால் அதே சபை அவரை வெளியேயும் தள்ளியது. பையன் ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்ததும் ஒதுக்கத் தொடங்கினார்கள். 13 வயதில் சபையை விட்டார். அம்மாவோடும் ஓயாத சண்டை. 15 வயதில் வீட்டையும் விட்டு, நண்பர்கள் வீட்டிலும் பாட்டி வீட்டிலுமாகக் காலத்தை ஓட்டினார். பாட்டி ஜூலியா மார்கன் 1920-களிலும் 30-களிலும் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் சோகப் பாட்டு முறையில் பாடிய பெண்மணி. ஓரினச் சேர்க்கையாளர்கள் பலரைத் தம் இளமையிலேயே பார்த்துப் பழகியவர், அதனால் பேரனைப் பார்த்து அவர் அதிரவில்லை. அந்தத் தலைமுறை ப்ளூஸ் பாடகிகளின் முத்து மாலைகள், இறகுகள், பாட்டு எல்லாமே பேரனுக்குள் போய்ச் சேர்ந்தன. அவருடைய பிற்காலத் தோற்றத்தில் டிஸ்கோவைவிடப் பழைய ஏதோ ஒன்று இருப்பதாகத் தோன்றினால், இந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதின்ம வயதில் 'டிஸ்கோட்டேஸ்' என்ற குழுவில் சேர்ந்தார். பெண் உடை அணியும் கறுப்பின ஆண்களும் திருநங்கைகளும் கொண்ட நட்பு வட்டம் அது. வார இறுதிகளில் விருந்து வைப்பார்கள், அதற்காக நாள்கணக்கில் உடையும் விக்கும் தயார் செய்வார்கள். பெண் உடையில் தெருவில் நடந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் காலம். பிழைப்புக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்: சிகை அலங்காரம், கடையில் ஒப்பனை, சவ அடக்க நிலையத்தில் இறந்தவர்களுக்கு மேக்கப் போடுவது வரை. பள்ளிப் படிப்பை 1969-இல், 21 வயதில்தான் முடித்தார். அந்தப் பட்டமளிப்புப் படத்தில் நீல ஷிஃபான் கவுனும் தேன்கூடு போல உயர்த்திக் கட்டிய கொண்டையுமாக இருக்கிறார். இதில் கலகம் செய்கிற பாவனை எதுவும் கிடையாது, படம் எடுக்கிறார்கள், அழகாக உடுத்திக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோ. அங்கே 'காக்கெட்ஸ்' என்றொரு நாடகக் குழு இருந்தது. தாடி வைத்த ஆண்கள் கவுன் போட்டு, தாடியிலேயே மினுக்குப் பொடி தூவிக்கொண்டு, ஒத்திகை பெரிதாக எதுவும் இல்லாமல் மேடையில் கூத்தடிக்கும் ஹிப்பிக் கூட்டம். நார்த் பீச் பகுதியில் பேலஸ் என்ற பழைய தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி நடத்துவார்கள். சில்வஸ்டர் இதில் சேர்ந்தார், ஆனால் எண்ணெயும் தண்ணீரும்தான். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். சரியாகப் பாடத் தெரியாததே ஒரு அழகு என்பது அவர்கள் கட்சி. சில்வஸ்டருக்குப் பாட்டு விளையாட்டில்லை. அவர் தனியாக நின்று பியானோவோடு பழைய ப்ளூஸும் ஜாஸும் பாடுவார், அந்த நேரத்தில் மட்டும் தியேட்டர் அடங்கிவிடும். சீக்கிரமே 'சில்வஸ்டர் பாடுகிறார்' என்று அவருக்கென்றே தனி நிகழ்ச்சி வைக்க வேண்டியதாயிற்று.

1971 நவம்பரில் காக்கெட்ஸ் நியூயார்க் போனது. ஆண்டர்சன் தியேட்டரில் முதல் நாள், ஊரின் பிரபலங்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நாடகம் படுதோல்வி, பாதியிலேயே எழுந்து போனவர்கள் ஏராளம். சான் பிரான்சிஸ்கோவில் அன்பாக ரசிக்கப்பட்ட அரைகுறைத்தனம் நியூயார்க்கில் எடுபடவில்லை. சில்வஸ்டரின் பாட்டை மட்டும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். அவர் அடுத்தடுத்த இரவுகளில் மேடையேறியதும், இந்தக் கேவலத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினாராம். கூட இருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். நாடகம் முடிவதற்குள் குழுவிலிருந்தும் விலகிவிட்டார்.

அப்புறம் ராக். 'சில்வஸ்டர் அண்ட் ஹிஸ் ஹாட் பேண்ட்' என்று ஒரு குழு சேர்த்தார், வாசித்தவர்கள் வெள்ளை இளைஞர்கள். ப்ளூ தம்ப் கம்பெனிக்காக 1973-இல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. நீல் யங்கின் 'சதர்ன் மேன்' பாட்டை அவர் எடுத்துப் பாடியதை மட்டும் தேடிக் கேளுங்கள். தெற்கு மாநிலங்களின் இனவெறியைச் சாடும் அந்தப் பாட்டை ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருக்கிறார், பெண் உடை அணிந்த ஒரு கறுப்பர் பாடுகிறார், கிட்டாரோ வெள்ளைக்காரர்கள் கையில். அந்தத் தெற்குக்கே போய்ச் சுற்றுப்பயணமும் செய்தார்கள், எதிர்ப்புக்குக் குறைவில்லை. ஆல்பங்கள் விற்கவில்லை. கறுப்பின வானொலிக்கு ராக் வேண்டாம், ராக் வானொலிக்கு இவர் வேண்டாம். 1974 முடிவதற்குள் குழு கலைந்தது, கம்பெனியும் கைவிட்டது.

இங்கே டிராக், அதாவது ஆண்கள் பெண் உடையில் மேடையேறும் கலை, பற்றி ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் பலரும் குழப்பிக்கொள்வது இதில்தான். நம் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட நடிகர், மேடையில் நிற்கும் வரை வள்ளியாகவோ சந்திரமதியாகவோ மாறிவிடுவார். டிராக் கலைஞர்களில் பலர் செய்வதும் ஏறக்குறைய அதுதான், ஒரு பெயர், ஒரு பாத்திரம், பிரபலமான ஒரு பாடகியின் சாயல், பாட்டுக்கு வாயசைப்பு. சில்வஸ்டர் வாயசைக்கிற ஆள் இல்லை. ஆரம்ப நாட்களில் 'ரூபி ப்ளூ' என்றொரு வேடம் வைத்திருந்தார், அதையும் பின்னால் விட்டுவிட்டார். சேலை மாதிரிச் சுற்றிய மினுக்குத் துணியும் தலைப்பாகையும் ஒருநாள், தோல் கால்சட்டை ஒருநாள், சூட் ஒருநாள். எதை அணிந்தாலும் மேடையில் நின்றவர் சில்வஸ்டர்தான். 1986-ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஜோன் ரிவர்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரை டிராக் குயின் என்று சொன்னபோது, தான் டிராக் குயின் இல்லை, தான் சில்வஸ்டர் என்று உடனே திருத்தினார். டிராக் உலகத்தை இழிவாக நினைத்துச் சொன்னதில்லை அது, அவர் வளர்ந்ததே அந்த உலகத்தில்தானே. தன்னை ஒரு பிரிவுக்குள் போட்டு மூடுவதைத்தான் அவர் மறுத்தார்.

சரி, கதைக்கு வருவோம். 1970-களின் நடுவில் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் காஸ்ட்ரோ என்ற பகுதி அப்போதுதான் ஓரினச் சேர்க்கையாளர்களின் பேட்டையாக உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே எலிஃபண்ட் வாக் போன்ற பார்களில் பாடினார். பின்பாட்டுக்கு ஆள் தேடியபோது மார்த்தா வாஷ் என்ற பெண் வந்தார். தேவாலயத்தில் பாடிப் பழகிய, பருத்த உடல்வாகு கொண்ட கறுப்பினப் பெண். அவர் பாடியதைக் கேட்டதும் சில்வஸ்டர் மற்றவர்களை அனுப்பிவிட்டு, உன்னை மாதிரியே பாடக்கூடிய, உன்னை மாதிரியே பெரிய உடம்புள்ள தோழி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம். மார்த்தா அழைத்து வந்தவர் இசோரா ரோட்ஸ். இருவரும் சேர்ந்து 'டூ டன்ஸ் ஓ ஃபன்' ஆனார்கள்.

இந்தத் தேர்வு எவ்வளவு பெரியது என்பது பிற்பாடுதான் விளங்கும். இருவரும் பின்னால் 'தி வெதர் கேர்ள்ஸ்' என்ற பெயரில் 'இட்ஸ் ரெயினிங் மென்' பாடிப் பெரும் புகழ் பெற்றார்கள். அதற்குப் பிறகு 1990 வாக்கில் மார்த்தா வாஷின் குரலைப் பதிவு செய்து, வீடியோவில் மெலிந்த மாடல் பெண்களை வாயசைக்க விட்ட பாட்டுகள் உலகெங்கும் ஓடின. அவர் வழக்குப் போட்டுத்தான் தன் பெயரை மீட்க வேண்டியிருந்தது. சில்வஸ்டரோ அந்த இரண்டு பெண்களையும் திரைக்குப் பின்னால் ஒளிக்கவில்லை, தன் பக்கத்திலேயே பளபளக்கும் உடையில் நிறுத்தினார். தாமே ஃபால்செட்டோவில் பாடுகிறவர் என்பதால் கோரஸில் மெல்லிய பெண் குரல்கள் இருந்தால் எடுபடாது, கீழே கனமான தளம் வேண்டும் என்ற இசைக் கணக்கும் இதில் இருந்தது. ஃபால்செட்டோ என்றால் ஆண் தன் இயல்பான ஸ்தாயிக்கு மேலே போய் மெல்லிய, உயர்ந்த குரலில் பாடுவது. பலருக்கு அது இரண்டு வரி தாங்கும், நேரமானால் பிசிறடிக்கும். இவர் முழு நிகழ்ச்சியையும் அதிலேயே பாடுவார், நடுவில் சட்டென்று அடிக்குரலுக்கு இறங்கி ஒரு வரி பாடிவிட்டு மறுபடி மேலே தாவுவார்.

ஹார்வி ஃபுக்குவா இவரைக் கேட்டது அந்தக் கட்டத்தில்தான். 'மூன்க்ளோஸ்' குழுவின் பாடகர், மோடவுன் என்ற பாட்டுக் கம்பெனியில் பல ஆண்டு வேலை செய்தவர், பாடகர் மார்வின் கேயை இளம் வயதில் தன் குழுவில் சேர்த்துக்கொண்ட ஆள். சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்திலேயே இருந்த ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் கம்பெனியோடு சில்வஸ்டருக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்து, 1977-இல் 'சில்வஸ்டர்' என்ற ஆல்பத்தைத் தயாரித்தார். ஓரளவு பேசப்பட்டது. அடுத்தது, 1978-இல் வந்த 'ஸ்டெப் டூ', எல்லாவற்றையும் மாற்றியது.

அந்த ஆல்பத்தில்தான் 'யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)' இருக்கிறது. கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் 'டிப்' விரிக் அமைத்த மெட்டு, வரிகள் சில்வஸ்டருடையவை. முதலில் அது மிதமான வேகத்தில் போகும் காஸ்பெல் சாயல் பாட்டாகத்தான் இருந்தது. ஒத்திகை நடந்த கிளப்பில் விளக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர் அதைக் கேட்டார். பெயர் பேட்ரிக் கவ்லி. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்து, சிட்டி காலேஜில் எலக்ட்ரானிக் இசை படித்தவர். தன்னிடமிருந்த சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிகளை வைத்து அந்தப் பாட்டுக்கு ஒரு புதிய உடம்பு கொடுத்தார். அடியில் துடிக்கும் கனமான பேஸ் ஒலி, மேலே சுழன்று சுழன்று எழும் மின்னணு ஒலி, வேகம் கூட்டப்பட்ட தாளம்.

கேட்டுப் பார்த்தால் இரண்டு உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரியும். அடியில் மனிதக் கையே படாததுபோன்ற இயந்திர ஒலி ஓடுகிறது. மேலே பெந்தெகொஸ்தே சபையில் சாட்சி சொல்கிற மாதிரி ஒரு குரல், ஒரே வரியை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஆடுகிறோம், வீட்டுக்குப் போகிறோம், விளக்கு மங்கலாக இருக்கிறது, நீ தொடும்போது நான் நிஜமாக இருப்பதாக உணர்கிறேன், அவ்வளவுதான். சபையை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவர் சபையின் பாட்டு முறையை எடுத்துக்கொண்டு போய், தன்னைப்போலத் துரத்தப்பட்டவர்கள் கூடியிருந்த அரங்கில் பாடுகிறார். அந்த அரங்குகளில் இந்தப் பாட்டு ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இதோடு 'டான்ஸ் (டிஸ்கோ ஹீட்)' என்ற பாட்டும் சேர்ந்து 1978 கோடையில் அமெரிக்க டிஸ்கோ பட்டியலில் முதலிடம் பிடித்தது. பொதுப் பாட்டுப் பட்டியலில் 'டான்ஸ்' 19-வது இடம் வரையும், 'மைட்டி ரியல்' 36-வது இடம் வரையும் போயின. பிரிட்டனில் 'மைட்டி ரியல்' எட்டாவது இடம். எண்களைப் பார்த்தீர்களா? அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் அதிகம் ஏறியது இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பாட்டு இல்லை.

அந்த ஆண்டே நவம்பர் 27-ஆம் தேதி, காஸ்ட்ரோவின் பிரதிநிதியாக நகர சபையில் இருந்த ஹார்வி மில்க்கும் மேயர் மஸ்கோனியும் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மில்க்கின் பிறந்தநாள் விழாவில் சில்வஸ்டர் பாடியிருந்தார். ஊர் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாத நேரத்தில், 1979 மார்ச் 11-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ ஓப்பரா ஹவுஸில் அவருடைய கச்சேரி நடந்தது. ஓப்பராவும் பாலேயும் நடக்கும் மாளிகை அது. அரங்கு நிறைந்தது, ஆர்க்கெஸ்ட்ரா பின்னால். மேயராகியிருந்த டயான் ஃபைன்ஸ்டைன் சார்பில் நகரத்தின் சாவி அவருக்கு வழங்கப்பட்டது, அந்த நாள் சில்வஸ்டர் தினமாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் கச்சேரியின் பதிவு 'லிவிங் ப்ரூஃப்' என்ற ஆல்பமாக வந்தது. என் கணக்கில் அவர் செய்ததிலேயே சிறந்தது இதுதான், 'மைட்டி ரியல்' இருக்கும் ஆல்பத்தைவிடவும். டிஸ்கோ தாளமில்லாமல் மெதுவாகப் பாடும்போதுதான் அவருடைய குரலின் முழு அளவு தெரிகிறது. 'யூ ஆர் மை ஃப்ரெண்ட்' என்ற பாட்டின் நடுவில் நிறுத்தி, மார்த்தாவையும் இசோராவையும் முன்னே அழைத்து, இவர்களால் என்ன பாட முடியும் என்று கேளுங்கள் என்று ஒதுங்கி நிற்கிறார். தன் பெயரில் நடக்கும் கச்சேரியின் உச்சத்தை அடுத்தவர்களுக்குக் கொடுக்கிற பாடகர்கள் குறைவு.

நான்கே மாதம். 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ ரெக்கார்டுகளைப் பெட்டியில் போட்டு வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பாட்டுப் பிடிக்கவில்லை என்பதைத் தாண்டி, அந்தப் பாட்டைப் பாடியவர்களும் ஆடியவர்களும் யார் என்பதும் அந்த வெறுப்பில் கலந்திருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் அதை ஏற்கிறேன். கம்பெனிகள் டிஸ்கோ என்ற சொல்லைக் கேட்டாலே ஓடத் தொடங்கின. ஃபேன்டஸி சில்வஸ்டரிடம் ஆண்மையாகத் தோன்றச் சொன்னது, டெடி பெண்டர்கிராஸ் மாதிரி கம்பீரமான காதல் பாடகராக மாறச் சொன்னது. அவர் பதிலுக்கு விக்கும் பெண்களின் இரவு உடையுமாகக் கம்பெனி அலுவலகத்துக்கே போய் நின்றார். முழு டிராக்கில் படங்கள் எடுத்து மேலதிகாரிகளுக்குக் காட்டினார், வேண்டுமென்றே சீண்ட. அந்தப் படங்களில் ஒன்று அவர் இறந்த பிறகு 'இம்மார்ட்டல்' என்ற ஆல்பத்தின் அட்டையில் வந்தது.

சீண்டல் ஒரு பக்கம் இருக்க, ஃபேன்டஸியின் கடைசி ஆல்பங்கள் சுமார்தான். 'டூ ஹாட் டு ஸ்லீப்' ஆல்பத்தில் ஃபால்செட்டோவைக் குறைத்து அடிக்குரலில் பாடியிருக்கிறார். அதை விரும்பிக் கேட்கிறவர்கள் உண்டு. பணமும் சிக்கல். தனக்கு வரவேண்டிய ராயல்டி வரவில்லை என்று வழக்குப் போட்டார். ஃபுக்குவா 2,18,000 டாலருக்கு மேல் கொடுக்காமல் வைத்திருந்தது நிரூபணமானது. ஆனால் கொடுக்க அவரிடம் இருந்தது 20,000 டாலர்தான். நீதிமன்றத்தில் ஜெயித்துக் கையில் தோற்பது என்பார்களே, அது.

பேட்ரிக் கவ்லி இதற்குள் மெகாடோன் என்ற சின்னக் கம்பெனியை மார்ட்டி பிளெக்மனோடு சேர்ந்து தொடங்கியிருந்தார். சில்வஸ்டர் அங்கே போனார். 1982-இல் இருவரும் சேர்ந்து செய்த 'டூ யூ வானா ஃபங்க்' இன்றும் நடன அரங்குகளில் ஓடுகிறது. பெரிய கம்பெனி கிடையாது, ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, சிந்தசைசரும் குரலும் மட்டும். ஹை-எனர்ஜி என்ற வேகமான மின்னணு நடன இசை இந்தச் சின்ன வட்டத்திலிருந்து கிளம்பி, பிரிட்டன் வழியாக 80-களின் பாப் இசைக்குள் பரவியது. பிரிட்டனின் அந்தக்காலப் பாப் பாட்டுகளில் கேட்கும் துடிப்பில் கவ்லியின் கைரேகை நிறைய இருக்கிறது.

அந்தப் பாட்டு வந்த நேரத்திலேயே கவ்லி நோயாளி. என்ன நோய் என்று மருத்துவர்களுக்கே தெரியாத காலம். 1982 நவம்பர் 12-ஆம் தேதி, 32 வயதில் இறந்தார். எய்ட்ஸ் பலிகொண்டவர்களில் மிக ஆரம்பத்தவர்களில் ஒருவர். செய்தி வந்தபோது சில்வஸ்டர் லண்டனில் ஹெவன் என்ற கிளப்பில் மேடையேறத் தயாராக இருந்தார். மேடைக்குப் போய், கூட்டத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டையே பாடினார்.

1985-இல் அரீதா ஃபிராங்க்ளினின் ஹிட் பாட்டு 'ஃப்ரீவே ஆஃப் லவ்'-இல் பின்பாட்டுப் பாடியவர்களில் இவரும் ஒருவர், கூடவே அவருடைய நெடுநாள் தோழி ஜீனி டிரேசி. சிறு வயதிலிருந்தே தெய்வமாக நினைத்த பாடகியின் பாட்டு என்பதால் தன் பெயர் எங்கே வருகிறது என்றெல்லாம் பார்க்கவில்லை. 1986-இல் வார்னர் பிரதர்ஸ் மூலம் 'மியூச்சுவல் அட்ராக்‌ஷன்' வந்தது. அதிலிருந்த 'சம்ஒன் லைக் யூ' நடனப் பட்டியலில் மறுபடி முதலிடம். ஒரே ஹிட் என்ற பேச்சுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டுகளில் அவர் எய்ட்ஸ் நிதிக் கச்சேரிகளில் பாடினார், சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் வார்டுக்குப் போய் நோயாளிகளோடு நேரம் செலவிட்டார். அமெரிக்காவில் எய்ட்ஸுக்கென்றே அமைந்த முதல் வார்டு அது. அவருடைய துணைவர் ரிக் கிரான்மர், கட்டடக் கலைஞர், 1987 செப்டம்பரில் அதே நோயால் இறந்தார். சில்வஸ்டர் தனக்குப் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை, முடிவு என்னவென்று தெரிந்த விஷயத்துக்கு எதற்குப் பரிசோதனை என்ற நினைப்பு. விடாத இருமல் வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனார்.

அதன் பிறகு நடந்ததுதான் அவருடைய துணிச்சல்களிலேயே பெரியது என்பேன். பிரபலங்கள் இந்த நோயை மறைத்தார்கள், இறந்த பின்னும் குடும்பங்கள் வேறு காரணம் சொன்னன. 1988 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் ஓரினச் சேர்க்கையாளர் பேரணியில் சில்வஸ்டர் சக்கர நாற்காலியில், எய்ட்ஸ் நோயாளிகளின் பதாகையோடு வந்தார். கறுத்த அகலத் தொப்பி, மெலிந்துபோன முகம். மேடையில் பளபளத்த ஒருவர் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ள எதையெல்லாம் விட வேண்டியிருந்திருக்கும்! பேட்டிகள் கொடுத்து, எய்ட்ஸை வெள்ளை ஓரினச் சேர்க்கையாளர்களின் நோய் என்று நினைப்பது தவறு, கறுப்பின மக்களுக்கு விவரமே வந்து சேர்வதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பேச்சு அன்று அநேகமாக வேறு எந்தக் கறுப்பினப் பிரபலத்திடமிருந்தும் வரவில்லை.

அக்டோபரில் நடந்த காஸ்ட்ரோ தெருத் திருவிழா அவருக்காக அர்ப்பணிக்கப்பட்டது. எழுந்து போக முடியவில்லை. கூட்டம் அவர் பெயரைக் கூவியது படுக்கையறை வரை கேட்டது. 1988 டிசம்பர் 16-ஆம் தேதி இறந்தார், வயது 41.

இறுதிச் சடங்கை அவரே திட்டமிட்டிருந்தார்: திறந்த சவப்பெட்டி, சிவப்பு கிமோனோ, முகத்துக்கு ஒப்பனை, காஸ்பெல் பாடகர் குழு. நடந்த இடம் ஓக்லாந்தில் வால்டர் ஹாக்கின்ஸின் லவ் சென்டர் தேவாலயம். 13 வயதில் சபையை விட்டவர் 80-களில் இந்தச் சபைக்குத் தொடர்ந்து போய்வந்தார், அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட சபை. உயிலில் தன் எதிர்கால ராயல்டியை இரண்டு அமைப்புகளுக்கு எழுதி வைத்தார்: எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அவசரப் பணவுதவி செய்த 'எய்ட்ஸ் எமர்ஜென்சி ஃபண்ட்', சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த 'ப்ராஜெக்ட் ஓப்பன் ஹேண்ட்'. ஆனால் அவர் இறக்கும்போது கம்பெனிகளிடம் வாங்கிய முன்பணமெல்லாம் கடனாக நின்றது. அது கழிந்து, அமைப்புகளின் கைக்குப் பணம் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின.

அதிகாரபூர்வமான கௌரவங்கள் மெதுவாகத்தான் வந்தன. 2005-இல் நடன இசைக்கான ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. 2019-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாத்து வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 'மைட்டி ரியல்' இடம்பெற்றது. பாட்டோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 1989-லேயே பிரிட்டிஷ் பாடகர் ஜிம்மி சோமர்வில் அதை மறுபடி பாடி ஹிட்டாக்கிவிட்டார்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் 'மைட்டி ரியல்'-இன் நீண்ட வடிவத்திலிருந்து தொடங்கலாம், வானொலிக்காக வெட்டிய சின்ன வடிவம் வேண்டாம், ஏறிக்கொண்டே போகும் அந்த அமைப்பு அதில் பாழாகிவிடுகிறது. அடுத்து 'லிவிங் ப்ரூஃப்' முழுவதும். அப்புறம் 'டூ யூ வானா ஃபங்க்'. இவை மூன்றும் பிடித்துப்போனால் மட்டும் 1973 ராக் ஆல்பங்களுக்குப் போங்கள். ஒலிப்பதிவு சுமார், குழுவும் பாடகரும் பல இடங்களில் ஒட்டவில்லை, ஆனால் பின்னால் வந்த அத்தனையும் அந்தக் குரலில் அப்போதே இருக்கிறது.